மஹ்லகா பாயின் கல்லறைத் தோட்டம்: போகிறவர்களும் எழுதுகிறவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹைதராபாத்தில் மௌலா அலி குன்றுக்குப் போகிறவர்கள் பலரும் நேராகப் படியேறி, உச்சியிலுள்ள தர்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உருதுக் கவிஞர் மஹ்லகா பாய் சந்தாவின் கல்லறை மேலே இல்லை. அடிவாரத்தில், மதில் சூழ்ந்த தோட்டத்துக்குள் இருக்கிறது. அதைத் தேடி வருகிறவர்கள் படியேறுவதற்கு முன்பே கீழே விசாரித்துவிடுவது நல்லது.

பெயரிலும் குழப்பம் உண்டு. இவருடைய இயற்பெயர் சந்தா பீபி. முகலாயப் படையிடமிருந்து அஹ்மத்நகர் கோட்டையைக் காத்த சாந்த் பீபி 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். நம் கவிஞரோ 1768இல் பிறந்து 1824இல் மறைந்தவர். இருவர் கதையையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது.

'உருதுவின் முதல் பெண் கவிஞர்' என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. உருதுவில் திவான், அதாவது முழுக் கவிதைத் தொகுப்பு, கண்ட முதல் பெண் இவர்தான் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. இவருடைய திவான் 1798இல் தொகுக்கப்பட்டது. தக்காணத்தைச் சேர்ந்த லுத்ஃபுன்னிசா இம்தியாஸின் திவான் அதற்கு ஓராண்டு முந்தியது என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. ஆகவே 'முன்னோடி' என்று தாராளமாகச் சொல்லலாம், 'முதல்' வேண்டாம். இதனால் மஹ்லகாவின் பெருமை குறைந்துவிடாது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு பெண்களின் திவான்கள் உருவாகும் அளவுக்குத் தக்காணத்தில் கவிதை செழித்திருந்தது என்பதே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, 'நிஜாம் அவையின் நாட்டியக்காரி' என்ற ஒரே வரியில் அவரை முடித்துவிடுவது. அவர் ஆடியதும் பாடியதும் உண்மைதான். ஆனால் இரண்டாம் நிஜாமோடு போர்க்களம்வரை போனவர், பிரபுக்களுக்குரிய தகுதியும் மானியமாக ஜாகீர் நிலங்களும் பெற்றவர், கவிஞர்களை ஆதரித்தவர், 'மாஹ்நாமா' என்ற தக்காண வரலாற்றை எழுதவைத்தவர் என்பதெல்லாம் எங்கே போயிற்று? 1799இல் ஜான் மால்கம் என்ற பிரிட்டிஷ் அதிகாரிக்குத் தன் திவானின் பிரதி ஒன்றை அவர் பரிசளித்தார். இன்றும் அது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தன்னைக் கவிஞராக நினைத்தவர் கொடுத்த பரிசு அது.

அவருடைய கஜல்கள் ஐந்தைந்து ஈரடிகளால் ஆனவை. காதலும் மதுவுமாகப் போய்க்கொண்டிருக்கும் கஜல் கடைசி ஈரடியில் நபிகள் நாயகத்தின் மருமகனான மௌலா அலியை நினைத்து முடியும். மேலே அந்த அலியின் தர்கா, கீழே கவிஞரின் கல்லறை. குன்றை விட்டுவிட்டுத் தோட்டத்தை மட்டும் பார்த்தால் இந்தத் தொடர்பு பிடிபடாது. இரண்டையும் பாருங்கள்.

இந்தக் கல்லறையை அவர் தனக்காகக் கட்டிக்கொண்டார் என்றும் சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. 1792இல் அம்மா ராஜ் குன்வர் இறந்தபோது அம்மாவுக்காகக் கட்டியது அது. வயிற்றில் மஹ்லகா இருந்தபோது ராஜ் குன்வர் இதே குன்றில் கரு கலையும் அபாயத்துக்கு ஆளாகி, அலியின் அருளால் தப்பினார் என்பது வழிவழியாக வரும் கதை. மகளும் கடைசியில் அம்மா பக்கத்திலேயே அடக்கமானார். உள்ளே போனதும் ஒரு சமாதியைப் பார்த்துவிட்டு அவசரமாகத் திரும்பாதீர்கள்.

வாசலுக்கு மேலுள்ள கல்வெட்டையும் நின்று பாருங்கள். கருணைத் தோட்டத்தின் சைப்ரஸ் மரம் என்று மஹ்லகாவைப் போற்றத் தொடங்கும் செய்யுள் அது. ஒவ்வொரு எழுத்துக்கும் மரபாக உள்ள எண்மதிப்பைக் கூட்டினால் அவர் இறந்த ஆண்டு கிடைக்கும்படி கடைசி வரியை அமைத்திருக்கிறார்கள். படமெடுக்க வசதி என்று சமாதிமேல் சாய்வதோ, எழுத்துகளைக் கையால் தேய்ப்பதோ கூடாது. பாழடைந்து குப்பைமேடாகக் கிடந்த இடத்தை 2010-11இல் அமெரிக்க அரசின் நிதியுதவியோடு மீட்டெடுத்தார்கள். மறுபடி அந்த நிலைக்குப் போக விடக்கூடாது.

இஸ்லாமிய நாட்காட்டியின் ரஜப் மாதத்தில் மௌலா அலி விழாவுக்குப் பெருங்கூட்டம் வரும். நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். அப்புறம், நேரமிருந்தால் உஸ்மானியா பல்கலைக்கழகப் பக்கம் போய், அவர் பெயரால் வழங்கும் படிக்கிணற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்.