டெல்லிக்கு மனு எழுதும் முன் பார்க்க வேண்டிய அட்டவணை

எந்த அமைச்சகத்துக்கு எழுதுவது என்று தெரியாமல் மத்திய அரசுக்கு மனு அனுப்பும் தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள், அரசியலமைப்பின் 77ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பிறப்பித்த 1961ஆம் ஆண்டின் அலுவல் ஒதுக்கீட்டு விதிகளை முதலில் பார்ப்பது நல்லது. அமைச்சரவைச் செயலகத்தின் இணையதளத்தில் உள்ள அவ்விதிகளின் இரண்டாம் அட்டவணை, எந்தப் பொருள் யாருடைய பொறுப்பு என்பதைத் துறைவாரியாகப் பட்டியலிடுகிறது. மாங்கூழ் ஆலை தொடர்பான கேள்வி உணவு பதப்படுத்தும் தொழில்கள் அமைச்சகத்துக்கும், அதே மாங்கூழின் ஏற்றுமதி தொடர்பானது வணிகத் துறைக்கும், மொரப்பூர்-தருமபுரி பாதை தொடர்பானது ரயில்வேக்கும் செல்ல வேண்டும். இடம் மாறிச் சென்ற தகவல் உரிமை மனுவை 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும் எனச் சட்டம் கூறினாலும், அதை நம்பிக் காத்திருப்பதைவிட முகவரியைச் சரியாக எழுதுவதே மேல்.

மனு எழுதும் சங்க லெட்டர்பேடில் இந்திய அரசின் சிங்க முகச் சின்னத்தை அச்சிட வேண்டாம். அச்சகத்தார் அழகுக்காகச் சேர்த்திருந்தாலும் நீக்கச் சொல்லுங்கள். முன்னாள் எம்.எல்.ஏ.க்கள்கூட அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாத அச்சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்தினால், 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.