லோ ப்ரொஃபைல் கீபோர்டு: கடையிலேயே தட்டிப் பாருங்கள்

கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, புளியரைப் பக்கம் டிடிபி வேலை என்றால் தமிழும் மலையாளமும் மாறி மாறி அடிக்க வேண்டும். அதற்கு லோ ப்ரொஃபைல் என்கிற மெல்லிய மெக்கானிக்கல் கீபோர்டு (ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் இருப்பது) வாங்குகிறவர்கள், கடையில் சும்மா நாலு எழுத்தைத் தட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்.

தமிழ் 99 விசை அமைப்பில் புள்ளி எஃப் விசையில் இருக்கிறது. மலையாளத்துக்கான இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் சந்திரக்கலை, அதாவது நம் புள்ளி மாதிரியான குறி, டி விசையில். இடது கைக்கு ஓயாத வேலை. 'செய்தார்கள்' என்று வேகமாகப் பலமுறை அடித்துப் பாருங்கள். அதில் மூன்று புள்ளி. சாதாரண மெக்கானிக்கல் விசை சுமார் 4 மி.மீ. இறங்கும், இந்த மெல்லிய வகையில் ஏறக்குறைய 3 மி.மீ.தான். ஸ்விட்ச் வகைகளை நிறத்தை வைத்துச் சொல்வார்கள். சிவப்பு ஸ்விட்ச் என்றால் விரல் சும்மா பட்டாலே தேவையில்லாத புள்ளி விழும். எழுத்து வேலைக்குப் பழுப்புதான் என் தேர்வு, பாதியில் சின்னத் தடை விரலுக்குத் தெரியும். கேம் ஆடும் பிள்ளைகளுக்குச் சிவப்பு சரி. நீலம் கடகடவென்று சத்தம் போடும். ராத்திரி வீட்டில் அடித்தால் திட்டு நிச்சயம்!

லாரி ஆபீசில் பில் போடுகிறவர்கள் நம்பர் பேட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த வகையில் பல மாடல்களில் அது கிடையாது.

அப்புறம், கீகேப். சாதாரண கீபோர்டின் மூடிகள் இதில் பல ஸ்விட்ச்களுக்குப் பொருந்தாது. மலையாள எழுத்து வேண்டுமென்றால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம், மலிவு.