மட்டக்குதிரை துள்ளி உதைக்கிறதே: விளையாட்டா, மிரட்டலா, வலியா?

அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூரில் பிற்பகல் மழை அடிக்கடி கொட்டித் தீர்க்கும். இரண்டு மூன்று நாள் லாயத்திலேயே நின்ற மட்டக்குதிரையை, மழை விட்ட காலையில் திடலில் அவிழ்த்து விட்டுப் பாருங்கள். பத்தடி ஓடும். தலை முன்னங்கால்களுக்கு நடுவே இறங்கும், முதுகு வில்லாக வளையும், பின்னங்கால் இரண்டும் சேர்ந்து மேலே எகிறும். வால் கொடிபோல நிமிர்ந்து நிற்கும். கீச்சென்று ஒரு கத்தல், கூடவே வாயு பிரியும் சத்தம். நாலைந்து முறை எகிறியதும் மூக்கால் நீளமாகச் சீறி, தலையை உதறி, புல்லில் வாய் வைத்துவிடும்.

இதைப் பார்த்துப் பொல்லாத குதிரை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடைந்து கிடந்த உடம்பு சோம்பல் முறிக்கிறது, அவ்வளவுதான். அந்தத் துள்ளல் யாரையும் குறிவைத்தது அல்ல. ஆனாலும் காலின் வீச்சுக்குள் நின்றால் விளையாட்டு உதையும் எலும்பை முறிக்கும்.

மிரட்டும் உதைக்கு முகமே வேறு. காதுகள் பிடரியோடு ஒட்டப் படியும், மூக்கைச் சுற்றித் தோல் சுருங்கும், வால் சுளீர் சுளீரென அடிக்கும், பின்பக்கம் உங்களை நோக்கித் திரும்பும், ஒரு கால் தரையை விட்டு எழும்பும். அப்போது அதட்டிக்கொண்டு கிட்டே போகாதீர்கள், விலகிவிடுங்கள். ஒரு பின்னங்காலின் குளம்பு நுனியை மட்டும் ஊன்றி, காதைத் தொங்கவிட்டு, கீழுதடு தளர நின்றால் அது ஓய்வு. புதியவர்கள் இந்த இரண்டையும்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது வகை வலியால் வருவது. திடலில் சும்மா ஓடும்போது துள்ளாத குதிரை, சேணம் ஏறியதும் துள்ளுகிறதா? வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வருகிறதா? ஒரு பக்கம் திரும்பி ஓடும்போது மட்டும் எகிறுகிறதா? அப்படியானால் குறும்பு என்று ஒதுக்காதீர்கள். முதுகெலும்பின் இரு பக்கமும், தோளிலிருந்து இடுப்பு வரை, உள்ளங்கையால் அழுத்தித் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் தோல் துடித்தால், முதுகு கீழே நழுவினால், சேணம் அங்கே கடிக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வாருக்கு அடியில் வியர்வையும் மணலும் சேர்ந்து குதிரையின் முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் தோலை உரித்துவிடும், முடியை விலக்கினால்தான் தெரியும். பல்லை ஆண்டுக்கு ஒரு முறையாவது கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சவாரி செய்யும் பிள்ளை வளர்ந்து எடை கூடியிருப்பதையும் மறக்க வேண்டாம். சேணத்தோடு சேர்த்து, குதிரை எடையில் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. 200 கிலோ குதிரைக்கு 40 கிலோ, அதற்கு மேல் இல்லை.

திடலின் கதவருகிலும் காயங்கள் நடக்கின்றன. குதிரையை உள்ளே விட்டு, கயிற்றைக் கழற்றி, பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புகிறார்கள். அது சுழன்று எகிறும்போது குளம்பு நேராக மார்புக்கு வருகிறது. அதனால் இப்படிச் செய்யுங்கள். தலைக்கவசம், மூடிய காலணி இரண்டும் வேண்டும், சிலிப்பர் ஆகாது. 3 மீட்டர் கயிற்றை மடித்துப் பிடியுங்கள், கையில் சுற்றாதீர்கள், சுற்றினால் இழுத்துக்கொண்டு போய்விடும். கதவுக்குள் நுழைந்ததும் குதிரையை அரைவட்டம் திருப்பி, அதன் முகம் கதவைப் பார்க்க நிறுத்துங்கள். நீங்கள் அதன் தோள் பக்கம், கதவை ஒட்டி நில்லுங்கள். கழுத்து தளர்ந்து தலை தாழும் வரை காத்திருங்கள், அரை நிமிடம் ஆனாலும் சரி. பிறகு அதன் தலையில் மாட்டிய வாரைக் கழற்றி, பின்வாங்கியபடியே வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். இனி அது துள்ளத் திரும்பினாலும் நடுவே கதவு இருக்கும்.

இரண்டு குதிரைகள் என்றால் பத்தடி இடைவெளியில் நிறுத்தி, ஒரே நேரத்தில் விடுங்கள். ஒன்றை முந்தி விட்டால் மற்றது கையில் இருக்கும்போதே எகிறும். கூட்டமாக மேய விடுபவர்கள் பின்கால் லாடத்தைக் கழற்றிவிடுவது நல்லது. செம்மண் வழுக்கும் நாளில் மணல் தளத்தில் விடுங்கள். காலை பத்து மணிக்குள் விட்டால் நல்லது. ஓடி முடித்தும் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்து, உடம்பு சுட்டும் வியர்வையே இல்லையென்றால் ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மருத்துவரை அழையுங்கள்.

துள்ளல் அளவுக்கு மீறினால் முதலில் தீவனத் தொட்டியைப் பாருங்கள். வேலை செய்யாத குதிரைக்குத் தானியமும் பெல்லட் எனும் குருணைத் தீவனமும் குவித்தால் அந்தச் சக்தி எங்கே போகும்? 200 கிலோ குதிரைக்கு நாளுக்கு 3 முதல் 4 கிலோ காய்ந்த புல் போதும். பச்சை நேப்பியர் புல்லில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான், ஆகவே அதுவானால் 15 முதல் 20 கிலோ. ஓய்வு நாளில் பெல்லட்டைப் பாதியாகக் குறையுங்கள், புல்லைக் குறைக்காதீர்கள். குதிரையின் வயிற்றில் அமிலம் ஓயாமல் சுரக்கும், வெறும் வயிறாக விட்டால் புண்ணாகி, அந்த வலியே உதையாக வரும். திடலில் நாளுக்கு நாலைந்து மணி நேரமாவது உலாவ விடுங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு பட்டாசு இரவுகளுக்கு மறுநாள் சவாரிக்கு முன், நீளக்கயிற்றில் 15 மீட்டர் வட்டத்தில் பத்து நிமிடம், இரு பக்கமும் மாற்றி, முதலில் நடையாகவும் பிறகு துள்ளோட்டமாகவும் சுற்ற விடுங்கள். எடுத்த எடுப்பில் பாய விட்டால் தசைநார் போய்விடும்.

பிள்ளை மேலே இருக்கும்போது துள்ளினால்? தலை கீழே போகாமல் முதுகை வளைக்க முடியாது. ஒரு கை லகானை மட்டும் மேல்நோக்கித் தூக்கி, தோளைப் பின்னால் வைத்து, குதிகாலை இறக்கி, காலால் அழுத்தி முன்னே நடத்தச் சொல்லிக்கொடுங்கள். முன்னே போகும் குதிரையால் நன்றாக எகிற முடியாது. இரு லகானையும் இழுத்துக்கொண்டு தொங்கினால் இன்னும் துள்ளும். கழுத்தில் ஒரு பழைய வாரைக் கட்டிவைத்தால் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். துள்ளி முடிந்தபின் சாட்டையால் அடிப்பது வீண், ஒன்றிரண்டு நொடி தாண்டினால் எதற்கு அடி என்று குதிரைக்குத் தெரியாது.

பினாங்கு பத்து பிரிங்கி கடற்கரையில் வாடகைக் குதிரைச் சவாரிக்குப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அலை குளம்பைத் தொடுவது, ஜெட் ஸ்கீயின் இரைச்சல், தலைக்கு மேல் போகும் பாராசூட் எல்லாமே குதிரையைக் கிளப்பிவிடும். படம் எடுக்கப் பின்னால் போய் நிற்காதீர்கள், நேர் பின்னால் நிற்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார். கடந்து போவதானால் 3 மீட்டர் தள்ளிப் போங்கள். முடியாவிட்டால் குரல் கொடுத்தபடி, முதுகில் கை வைத்து, உடம்பை ஒட்டியே போங்கள். ஒட்டி நிற்பவர் மேல் காலை வீச இடமிருக்காது. நடுத்தரமான தூரம்தான் மோசம்.

உதை வயிற்றிலோ தலையிலோ பட்டால் வெளியே காயம் தெரியாவிட்டாலும் அவசர எண் 999க்கு அழையுங்கள். உள்ளே ரத்தக்கசிவு பிறகுதான் வெளிப்படும். அடிபட்ட தலைக்கவசத்தில் கீறல் இல்லையென்றாலும் மறுபடி போடாதீர்கள், புதிது வாங்குங்கள்.