அதிக வாட் பவர் சப்ளையை மதிப்பிடுவது எப்படி? கேமிங் கணினி கட்டும் புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

கேமிங் கணினிக்குப் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் பலர் கிராபிக்ஸ் கார்டையும் பிராசஸரையும் வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சுவர் மின்சாரத்தைப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை என்று வரும்போது மட்டும், பெட்டியின் மேல் 850 அல்லது 1000 வாட் என்று அச்சிட்டிருந்தால் போதும் என்று முடித்துக்கொள்கிறார்கள். அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 1000 வாட் எந்த வோல்டேஜில் கிடைக்கிறது, எந்த வெப்பநிலையில் கிடைக்கிறது, எவ்வளவு நேரம் தொடர்ந்து கிடைக்கிறது, அந்த அளவைத் தாண்டி இழுக்கும்போது என்ன நடக்கிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் தெரியாதவரை அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த நான்கு கேள்விகளில் ஏதோ ஒன்றுக்குப் பதில் தேடுபவையே. இதற்கு மின்னணுவியல் படித்திருக்க வேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. எந்தக் காரணத்துக்காகவும் பவர் சப்ளையின் உலோகக் கூட்டைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 400 வோல்ட் வரை மின்சாரம் தேங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் அப்படியே இருக்கக்கூடும். மதிப்பீட்டுக்குத் தேவையான அனைத்தையும் வெளியிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

படி 1: உங்கள் தேவையைக் கணக்கிடுங்கள்

முதலில் கிராபிக்ஸ் கார்டின் அதிகபட்ச மின்நுகர்வையும் பிராசஸரின் அதிகபட்ச மின்நுகர்வையும் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுக்கு 575 வாட். இன்டெல் கோர் ஐ9-14900கே பிராசஸருக்கு 253 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, மின்விசிறிகள், நீர்க்குளிர்விப்புப் பம்ப் ஆகியவற்றுக்குச் சேர்த்து 75 முதல் 100 வாட் ஒதுக்கினால் கூட்டுத்தொகை 900 வாட்டைச் சற்றுத் தாண்டும். விளையாட்டுகளில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஒரே நேரத்தில் முழு அளவில் இயங்குவது அரிது என்பதால், நடைமுறையில் தொடர்ச்சியான நுகர்வு இதைவிடக் குறைவாகவே இருக்கும். இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பதும் 1000 வாட்தான். 1200 வாட் எடுத்தால் மின்விசிறி மெதுவாகச் சுற்றும், வெப்பம் குறையும். அது வசதியே தவிர கட்டாயமன்று. மாறாக, 250 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டுக்கு 1000 வாட் வாங்குவதைவிட, நல்ல தரமான 750 வாட் பவர் சப்ளை வாங்குவதே அறிவான தேர்வு என்பது என் உறுதியான கருத்து.

புதியவர்களிடம் இருக்கும் ஓர் அச்சத்தையும் இங்கே போக்கிவிடுகிறேன். 1200 வாட் பவர் சப்ளை எந்நேரமும் 1200 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டிருக்காது. கணினி கேட்கும் அளவை மட்டுமே அது கொடுக்கும்.

படி 2: பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள்

ஒவ்வொரு பவர் சப்ளையின் உடலிலும் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும். அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். இவற்றை ரெயில் என்று அழைக்கிறார்கள். இன்றைய கேமிங் கணினியில் கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் ஏறக்குறைய முழுமையாக 12 வோல்ட் ரெயிலிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. ஆகவே அந்தக் கட்டத்தில் உள்ள ஆம்பியர் எண்ணை 12 ஆல் பெருக்குங்கள். 83.3 ஆம்பியர் என்று இருந்தால் விடை 999.6 வாட்; அதாவது பெயரில் உள்ள 1000 வாட் முழுவதும் தேவைப்படும் இடத்திலேயே கிடைக்கிறது. அதே 1000 வாட் என்று பெயர் பெற்ற வேறொன்றில் 70 ஆம்பியர் மட்டுமே எழுதியிருந்தால், 840 வாட்தான் உங்களுக்குப் பயன்படும். மீதி, இன்று அதிகம் தேவைப்படாத 3.3 மற்றும் 5 வோல்ட் ரெயில்களில் முடங்கிக் கிடக்கும். இந்த ஒரு பெருக்கலைச் செய்தாலே தரம் குறைந்த பல மாதிரிகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

படி 3: நொடிப்பொழுது உச்சங்களைத் தாங்குமா என்று பாருங்கள்

கிராபிக்ஸ் கார்டின் நுகர்வு ஒரே சீராக இருப்பதில்லை. விவரப் பட்டியலில் 450 வாட் என்று இருக்கும் கார்டு, ஒரு வினாடியின் மிகச் சிறிய பின்னத்தில் அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இழுத்துவிட்டு மீண்டும் கீழே இறங்கக்கூடும். சாதாரண மீட்டர்களின் கண்ணில் இது படாது. பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்றின் கண்ணில் படும். அந்த உச்சத்தை ஆபத்து என்று எண்ணி அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகள் வந்தபோது, கணக்குப்படி போதுமான வாட் இருந்தும் விளையாட்டின் நடுவே கணினி அணைந்துபோகிறது என்று பலர் தவித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கான தீர்வாகவே இன்டெல் நிறுவனம் 2022 பிப்ரவரியில் ஏடிஎக்ஸ் 3.0 என்ற வடிவமைப்பு விதிமுறையையும், 2023 செப்டம்பரில் அதன் திருத்தமான ஏடிஎக்ஸ் 3.1-ஐயும் வெளியிட்டது. கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் 16 பின் கனெக்டர் உள்ள, 450 வாட்டுக்கு மேற்பட்ட பவர் சப்ளை தன் குறிப்பிட்ட திறனைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ வினாடிகளுக்கு, அதாவது ஒரு வினாடியைப் பத்தாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு நேரத்துக்கு, அணையாமல் தாங்க வேண்டும் என்று அந்த விதிமுறை கூறுகிறது. எனவே உயர்நிலைக் கிராபிக்ஸ் கார்டுக்குப் புதிதாக வாங்குபவர் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 இணக்கம் உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 4: கனெக்டர்களையும் கேபிள்களையும் ஆராயுங்கள்

நான் அதிக நேரம் செலவிடச் சொல்லும் படி இதுதான். 16 பின் கனெக்டர் வழியாக 600 வாட் வரை செல்லலாம். 600-ஐ 12 ஆல் வகுத்தால் 50 ஆம்பியர். அந்த 50 ஆம்பியரை 12 வோல்ட் செல்லும் ஆறு பின்கள் பங்கிட்டுக்கொள்கின்றன, ஒவ்வொன்றிலும் 8.3 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. ஒரு பின் தாங்கக்கூடிய அளவோ ஒன்பது ஆம்பியரைச் சற்றே தாண்டியது. இவ்வளவு குறுகிய இடைவெளியில், ஒரு பின் சரியாகத் தொடாவிட்டாலும் அதன் பங்கு மற்ற பின்களின் மேல் ஏறி, அவை சூடேறி, பிளாஸ்டிக் உருகும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 விற்பனைக்கு வந்த சில நாள்களிலேயே கனெக்டர் உருகிய செய்திகள் வரத் தொடங்கின. முழுமையாக உள்ளே அழுத்தப்படாத கனெக்டரே அவற்றில் பலவற்றுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

பின்னர் வந்த 12வி-2×6 என்னும் திருத்தப்பட்ட வடிவத்தில் மின்சாரம் செல்லும் பின்கள் சற்று நீளமாகவும், இணைப்பை உணரும் நான்கு சிறு பின்கள் சற்றுக் குட்டையாகவும் மாற்றப்பட்டன. கனெக்டர் முழுமையாக உட்காராவிட்டால் உணர் பின்கள் தொடாது. கார்டும் மின்சாரம் இழுக்காது. ஆகவே இந்தத் திருத்தம் உள்ளதா என்று பாருங்கள். பவர் சப்ளையுடனேயே வரும் நேரடி 16 பின் கேபிள், மூன்று நான்கு 8 பின் கேபிள்களை ஒன்றாக்கும் அடாப்டரைவிட நம்பகமானது. இணைப்புகள் குறையக் குறையத் தவறுகளும் குறையும். கேபிளைக் கனெக்டரின் வாயிலேயே வளைக்காமல், குறைந்தது 35 மில்லி மீட்டர் நேராக விட்டு வளைக்கும் அளவுக்குக் கேபினெட்டில் இடம் இருக்கிறதா என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

உங்கள் கார்டு 8 பின் கனெக்டர் பயன்படுத்துவதாக இருந்தால், ஒவ்வொன்றின் அளவும் 150 வாட் என்பதை நினைவில் வைத்து, ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு தலைகளுக்குப் பதிலாகத் தனித்தனிக் கேபிள்களைச் செருகும் அளவுக்கு எண்ணிக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

மாடுலர் கேபிள்களை, அதாவது பவர் சப்ளையிலிருந்து கழற்றி மாட்டக்கூடிய கேபிள்களை, பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கணினிப் பாகங்களில் செருகும் முனைக்குத்தான் பொது விதிமுறை உண்டு. பவர் சப்ளையில் செருகும் முனைக்கு இல்லை. வடிவம் பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் பழைய பவர் சப்ளையின் சாட்டா கேபிள் புதியதில் அழகாகப் பொருந்தியது என்று நம்பிச் செருகி, பல ஆண்டுகளாகச் சேர்த்த படங்களுடன் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை நான் இழந்திருக்கிறேன். 5 வோல்ட் செல்ல வேண்டிய கம்பியில் 12 வோல்ட் சென்றிருந்தது. புதிய பவர் சப்ளைக்கு அதன் பெட்டியில் வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்துங்கள்.

படி 5: 80 பிளஸ் முத்திரைக்கு உரிய இடத்தை மட்டும் கொடுங்கள்

பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம் என்ற முத்திரைகள் மின்மாற்றத் திறனை, அதாவது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கணினியைச் சேர்கிறது என்பதை, மட்டுமே அளவிடுபவை. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையின்போது கோல்டுக்கு 90 சதவீதமும் பிளாட்டினத்துக்கு 92 சதவீதமும் தேவை. 500 வாட் கொடுக்கும்போது கோல்டு சுவரிலிருந்து ஏறத்தாழ 556 வாட் எடுக்கும். பிளாட்டினம் 543 வாட் எடுக்கும். வித்தியாசம் வெறும் 13 வாட். மின்சாரம் எவ்வளவு சீராக வருகிறது, பாதுகாப்புச் சுற்றுகள் வேலை செய்கின்றனவா, எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பவை பற்றி இந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை. மேலும், அந்தச் சோதனை 23 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் நடத்தப்படுகிறது. கேமிங் கணினியின் கேபினெட்டுக்குள் 40 டிகிரியை எட்டுவது இயல்பு. ஆகவே விவரப் பட்டியலில் முழுத் திறனும் 40 டிகிரியில் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறதா, 50 டிகிரியில் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 50 டிகிரி என்று எழுதத் துணிந்தவர்களின் பொருளுக்கே நான் முன்னுரிமை கொடுப்பேன். பவர் சப்ளைகளைச் சோதித்துச் சான்றளிக்கும் சைபெனெட்டிக்ஸ் நிறுவனத்தின் சான்றிதழ் இருந்தால் இரைச்சல் அளவையும் சேர்த்து அறியலாம்.

படி 6: பாதுகாப்புச் சுற்றுகளின் பட்டியலைச் சரிபாருங்கள்

அதிக மின்னோட்டம், அதிக வோல்டேஜ், குறைந்த வோல்டேஜ், அதிகச் சுமை, ஷார்ட் சர்க்யூட், அதிக வெப்பம் ஆகிய ஆறுக்கும் பாதுகாப்பு உண்டு என்று எழுதியிருக்க வேண்டும். மலிவான மாதிரிகளில் பெரும்பாலும் விடுபடுவது வெப்பப் பாதுகாப்புதான். மின்விசிறி நின்றுபோனால் பவர் சப்ளை தானாக அணைய வேண்டுமென்றால் அது இருந்தே ஆக வேண்டும்.

படி 7: அளவீடுகள் உள்ள மதிப்புரையைப் படியுங்கள்

பெட்டியைத் திறந்து கேபிள்களைக் காட்டிவிட்டு முடியும் மதிப்புரைகள் அழகைப் பற்றியவை. மின்சுமைக் கருவியும், மின்னலைகளைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பும் வைத்து அளந்த மதிப்புரையில் இரண்டு எண்களைத் தேடுங்கள். முதலாவது, சுமை ஏறும்போது 12 வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்பது. விதிமுறை பொதுவாக 5 சதவீத ஏற்ற இறக்கத்தை, அதாவது 11.40 முதல் 12.60 வோல்ட் வரை, அனுமதிக்கிறது; நல்ல பவர் சப்ளைகள் ஒரு சதவீதத்துக்குள்ளேயே நிற்கின்றன. இரண்டாவது ரிப்பிள், அதாவது நேர் மின்சாரத்தின் மேல் படிந்திருக்கும் சிற்றலை. 12 வோல்ட்டில் இதன் உச்சவரம்பு 120 மில்லி வோல்ட். 5 மற்றும் 3.3 வோல்ட்டில் 50 மில்லி வோல்ட். முழுச் சுமையிலும் 12 வோல்ட் சிற்றலை 40 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். சிற்றலை மிகுந்தால் மதர்போர்டிலும் கிராபிக்ஸ் கார்டிலும் உள்ள கெப்பாசிட்டர்கள் தேவையில்லாமல் சூடாகி விரைவில் தேயும்.

கெப்பாசிட்டர்கள் 105 டிகிரிக்கு மதிப்பிடப்பட்டவையா என்பதையும் மதிப்புரையில் பாருங்கள். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், 85 டிகிரி வகைக்கும் இதற்கும் பெரிய இடைவெளி உண்டு. வணிகப் பெயரைவிட உள்ளிருக்கும் வடிவமைப்பே முக்கியம். ஒரே நிறுவனம் மிகச் சிறந்த தொடரையும் சுமாரான தொடரையும் ஒருசேர விற்பது வழக்கம். ஆகவே மதிப்புரையில் உள்ள மாதிரி எண்ணும் நீங்கள் வாங்கும் மாதிரி எண்ணும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

படி 8: சுவர் பிளக்கும் யுபிஎஸ்ஸும்

1200 வாட் பவர் சப்ளை 90 சதவீதத் திறனில் முழுச் சுமையில் இயங்கினால் சுவரிலிருந்து 1333 வாட் எடுக்கும். 230 வோல்ட்டில் அது 5.8 ஆம்பியர், 115 வோல்ட்டில் 11.6 ஆம்பியர். அந்த இணைப்பில் வேறு பெரிய சாதனங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். யுபிஎஸ் பயன்படுத்துவோர் அதன் விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பார்க்க வேண்டும்; சைன் அலை வெளியீடு இல்லாத யுபிஎஸ் சில பவர் சப்ளைகளுடன் ஒத்துப்போகாமல், மின்தடை நேரும் கணத்தில் கணினியை அணைத்துவிடலாம்.

படி 9: வாங்கியபின் வீட்டிலேயே சோதியுங்கள்

மதர்போர்டுக்குச் செல்லும் பெரிய கேபிளின் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துப் பார்க்கும் சோதனை, பவர் சப்ளை ஆன் ஆகிறது என்பதை மட்டுமே சொல்லும். அது மதிப்பீடு ஆகாது. கணினியைக் கட்டி முடித்தபின், திருப்பிக் கொடுக்கும் கால அவகாசத்துக்குள், ஓசிசிடி போன்ற மென்பொருளின் பவர் சோதனையை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஒருசேர முழு அளவில் இயங்கும்.

அந்த நேரத்தில், எதிலும் செருகப்படாத மோலெக்ஸ் (நான்கு துளைகள் கொண்ட) கேபிளின் மஞ்சள் கம்பித் துளையில் மல்டிமீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்புக் கம்பித் துளையில் கறுப்பு முனையையும், இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி கவனமாக வைத்து அளந்து பாருங்கள். கேபிளில் எல்லாக் கம்பிகளும் கறுப்பு நிறமாக இருந்தால், கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்துத் துளையை அடையாளம் காணுங்கள். சுமையில்லாதபோது 12.08 வோல்ட் காட்டியது முழுச் சுமையில் 12.00 என்று இறங்கினால் மிக நன்று, 11.6-க்குக் கீழே போனால் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள். மென்பொருள் காட்டும் வோல்டேஜை இதற்கு நம்ப வேண்டாம். மதர்போர்டின் உணரிகள் பெரும்பாலும் துல்லியமற்றவை. சுவரில் செருகும் வாட் மீட்டர் இருந்தால், அது காட்டும் எண்ணை 0.9 ஆல் பெருக்கி உங்கள் உண்மையான நுகர்வை அறியலாம்: 700 வாட் காட்டினால் ஏறத்தாழ 630 வாட்.

சோதனை முடிந்ததும் கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, 16 பின் கனெக்டர் முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா, கொக்கி பிடித்திருக்கிறதா, பிளாஸ்டிக்கில் எங்கேனும் பழுப்பு நிறம் தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அதை அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டாம். கணினியை இடம் மாற்றிய பின்பு மட்டும், ஆன் செய்வதற்கு முன் ஒருமுறை மீண்டும் அழுத்திச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.