புடாபெஸ்ட் போவதென்றால் சனி, ஞாயிறை விடுங்கள்

வியன்னாவில் ஒரு மருத்துவமனையில் எனக்கு ஷிஃப்ட் வேலை. விடுப்பு பெரும்பாலும் வாரத்தின் நடுவில்தான் விழும். அதனால் ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்த நாட்களில்தான் பக்கத்து நாடான ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்குக் கூட்டிப்போவேன். செலவைக் குறைக்கும் வேலையில் பாதியைக் கிழமையே செய்துவிடும் என்பது அப்படித்தான் பிடிபட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐரோப்பாவின் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்து இறங்கும் ஊர் அது. கல்யாணத்துக்கு முன் நண்பர்களோடு கும்மாளம் போட வருகிற கூட்டமே ஏகப்பட்டது. அந்த இரண்டு இரவுகளுக்கும் அறை வாடகை ஏறும், ஞாயிறு இரவு இறங்கிவிடும். ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்து, புதனோ வியாழனோ கிளம்புகிற மாதிரி வையுங்கள். மாதம் கேட்டால் மார்ச், நவம்பர் என்பேன். கோடையில் ஃபார்முலா 1 பந்தயம், ஆகஸ்டில் சிகெட் இசை விழா, ஆகஸ்ட் 20 தேசிய நாள் வாணவேடிக்கை என்று வரிசை கட்டும். அந்தத் தேதிகளைப் பார்த்து ஒதுக்கிவிட்டு அப்புறம் டிக்கெட் தேடுங்கள்.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணமே 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும். மூன்று நாளுக்காக மட்டும் இவ்வளவு கொடுப்பது கட்டுப்படியாகாது. வியன்னாவோடு சேர்த்து வையுங்கள். அங்கே ரயில்ஜெட் என்ற விரைவு ரயிலில் ஏறினால் சுமார் இரண்டே முக்கால் மணி நேரத்தில் புடாபெஸ்டின் கெலெட்டி நிலையம். முன்கூட்டி எடுத்தால் சலுகை விலை கிடைக்கும். அதைவிடக் குறைவாக வேண்டுமா, ஃப்ளிக்ஸ்பஸ் நிறுவனத்தின் பேருந்துகளைப் பாருங்கள். விசாவை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும்.

தங்க இடம் பார்க்கும்போது ஏழாம் வட்டாரத்தின் நடுவில் எடுக்காதீர்கள். பாழடைந்த பழைய வீடுகளில் நடத்தும் மதுக்கூடங்கள் அங்கேதான் இருக்கின்றன, விடியவிடியச் சத்தம். நாலு, ஆறு எண் டிராம்கள் ஒரே வட்டச்சாலையில் ஓடுகின்றன, ஆறாம் எண் இரவு முழுக்க உண்டு. அந்தப் பாதைக்கு ஐந்து நிமிட நடையில் எங்கே அறை கிடைத்தாலும் சரி. டான்யூப் ஆறு ஊரை புடா, பெஸ்ட் என்று இரண்டு கரைகளாகப் பிரிக்கிறது. மார்கரெட் பாலத்துக்குப் பக்கத்தில் பெஸ்ட் கரையோரம் இருக்கும் பதிமூன்றாம் வட்டாரம் எனக்குப் பிடிக்கும். அமைதியான குடியிருப்பு, கீழே பேக்கரி, பக்கத்தில் ஆற்றின் நடுவே மார்கரெட் தீவு.

விமானத்தில் வந்தால் நகர மையத்துக்கு 100இ பேருந்து நேரே போகும். அதற்குத் தனி டிக்கெட், விலையும் பல மடங்கு. 200இ பேருந்தில் சாதாரண டிக்கெட் போதும். கடைசி நிறுத்தத்தில் இறங்கி மூன்றாம் மெட்ரோவுக்கு இன்னொன்று. பெட்டி கனமாக இருந்தால் மட்டும் 100இ. காகித டிக்கெட்டை ஏறும்போது இயந்திரத்தில் பதியாவிட்டால், டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம்தான். சேர்ந்தே சுற்றும் ஐந்து பேர் வரை 24 மணி நேரக் குழு டிக்கெட் ஒன்றே போதும். குடும்பமாகப் போனால் அதைத்தான் முதலில் பாருங்கள். முதலாம் மெட்ரோவில் ஒரு தடவையாவது போங்கள். 1896-இல் திறந்தது, ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க ரயில். பெட்டிகள் பொம்மை மாதிரி சின்னச் சின்னதாக இருக்கும்.

பணம் ஃபோரின்ட். விலையை நாலால் வகுத்தால் ஏறக்குறைய ரூபாய் வந்துவிடும். ஏடிஎம்மோ கடை இயந்திரமோ "யூரோவில் கழிக்கட்டுமா, ரூபாயில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் ஃபோரின்டையே அழுத்துங்கள். விமான நிலையத்தில் மாற்ற வேண்டாம். ஏடிஎம் வங்கியோடு ஒட்டியதாக இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம், வாரநாளின் பெரிய லாபம் இதில்தான். திங்கள் முதல் வெள்ளி வரை மதியத்தில் உள்ளூர்க்காரர்களுக்காக 'நொப்பி மெனு' என்று ஒன்று போடுவார்கள். சூப், முக்கிய உணவு, சில இடங்களில் இனிப்பும் சேர்த்து மூவாயிரம் ஃபோரின்ட் முன்னேபின்னே. இரவில் அதே கடையில் ஒரு தட்டுக்கே அதற்கு மேல் கேட்பார்கள். அதனால் மதியம் வயிறார உட்கார்ந்து சாப்பிட்டு, ராத்திரிக்கு சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி, தயிர், பழம் வாங்கிக்கொள்வது என் வழக்கம். சைவக்காரர்கள் ஃபொசெலேக் கேளுங்கள். காயைக் குழைய வேகவைத்துக் கெட்டியாக்கியது, நம் கூட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. மேலே இறைச்சி வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். பொரித்த மாவின் மேல் பூண்டும் புளித்த கிரீமும் சீஸும் போடும் லாங்கோஷும் சைவம்தான். 1897-இல் திறந்த பெரிய சந்தையின் மாடியில் அதைச் சுற்றுலா விலைக்கு விற்பார்கள். அங்கே கட்டடத்தைப் பார்த்து, மிளகாய்ப் பொடி வாங்கி வந்தால் போதும். ஞாயிறு என்றால் திறந்திருக்குமா என்று பார்த்துவிட்டுப் போங்கள். பில்லில் சேவைக் கட்டணம் பெரும்பாலும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.

வெந்நீர்க் குளம் ஒன்றில் மட்டும் கஞ்சம் பிடிக்க வேண்டாம். ஆனால் எல்லோரும் போகும் செச்சேனிக்குத்தான் போயாக வேண்டும் என்றில்லை. நான் லூகாச்சுக்குப் போவேன். கூட்டம் குறைவு, கட்டணமும் குறைவு. முற்றத்துச் சுவரில், வியாதி தீர்ந்தவர்கள் நன்றி சொல்லிப் பதித்த கற்கள் வரிசையாக இருக்கின்றன. துண்டு, செருப்பு, நீச்சலுடை கொண்டுபோங்கள், அங்கே வாங்கினால் கூடுதல். நீந்தும் குளத்துக்குத் தொப்பி கட்டாயம். நீச்சலுடைக்கெல்லாம் நான் ஆளில்லை என்று வாசலில் நின்ற என் அத்தையைக் கடைசியில் வெளியே வரவைக்கத்தான் பாடுபட்டோம்.

பாராளுமன்றத்துக்குள் ஐரோப்பியக் குடிமக்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு, நமக்கு முழு விலை. 691 அறைகளில் காட்டுவது கொஞ்சம்தான். இருட்டியபின் இரண்டாம் மெட்ரோவில் ஆற்றுக்கு அடியில் புகுந்து பத்யானி சதுக்கத்தில் ஏறிப் பாருங்கள், எதிர்க்கரையில் முழுக் கட்டடமும் விளக்கோடு நிற்கும். கோட்டை மேட்டுக்கு கேபிள் ரயில் வேண்டாம், 16-ஆம் எண் பேருந்து போகும். அங்கே ஊரைப் பார்க்க மாடங்களோடு கட்டிய மீனவர் கொத்தளத்தில் கீழ்த்தளங்கள் இலவசம். மேலே ஏறத்தான் காசு, காட்சி ஒன்றேதான். 1884-இல் திறந்த ஓப்பரா அரங்கைச் சுற்றிக்காட்டும் டிக்கெட்டைவிட, மேல்மாடியில் மேடை பாதி மறையும் இருக்கைகள் பல நாள் மலிவு. கச்சேரியே கேட்டுவிட்டு வரலாம்.

திங்களில் ஒரு தொந்தரவு உண்டு, பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். அன்றைக்குக் குளத்தையும் கோட்டையையும் வையுங்கள். புடா மலைக்காட்டில் ஓடும் சிறுவர் ரயிலைச் செவ்வாய்க்குத் தள்ளுங்கள். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை அதற்கும் திங்கள் விடுமுறை. 1948 முதல் ஓடுகிறது. எஞ்சினை ஓட்டுவது பெரியவர்கள், டிக்கெட் கொடுப்பதும் கொடியசைத்து சல்யூட் வைப்பதும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள். சேல் கால்மான் சதுக்கத்தில் 61-ஆம் எண் டிராம் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் நிலையம் பக்கம்தான். டிராம் ஏறும் முன் சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் தெருச் சந்தைக்குள் நுழைந்து ஒரு லாங்கோஷ் வாங்கிக்கொள்ளுங்கள், மேலே காட்டில் கடைகள் குறைவு.