மழுங்கிப்போன அதிர்ச்சி அலையைச் சரிசெய்தது

ஒலியைவிட வேகமான ஓட்டத்தில் ஒரு பொருள் எழுப்பும் அதிர்ச்சி அலையைக் கணினியில் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். சீப்-ஏஎல்ஆர் (SEEB-ALR) என்ற சோதனை மாதிரி, மாக் 1.6, அதாவது ஒலியைப்போல் 1.6 மடங்கு வேகம். 2014 சோனிக் பூம் (அந்த அலை தரையில் கேட்கும் வெடியோசை) கணிப்புப் பட்டறையில் கொடுத்த எளிய வடிவம். அதன் அழுத்தக் கோடு சட்டென ஏறி, மேசைபோல் தட்டையாக நிற்க வேண்டும். எனக்கோ மாதிரியை விட்டு விலக விலக விளிம்பு மழுங்கியது. கணக்கிடும் வெளியைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கும் கட்டம் (mesh) முழுவதையும் நுணுக்கினால் நினைவகம்தான் நிரம்பியது.

சரி, கட்டக் கோடுகளின் சாய்வைப் பார்ப்போம் என்று இறங்கினேன். மாக் 1.6-க்கு அலைக் கோணம் சுமார் 38.7 பாகை. மாதிரியைச் சுற்றி ஓர் உருளைவரை பழைய கட்டத்தை விட்டுவிட்டு, அதற்கு வெளியே கோடுகளை அதே கோணத்தில் நீட்டினேன். அலை இப்போது அறைகளைக் குறுக்கே வெட்டாமல் அவற்றோடு ஓடுகிறது. விளிம்பு கூராக நின்றது. என்ன அழகு!

அப்புறம்தான் அலை காற்றில் போகப்போக எப்படி மாறும் என்று கணக்கிடும் பர்கர்ஸ் சமன்பாட்டில் அதைத் தரைவரை கொண்டுபோனேன். மழுங்கிய அலையைக் கொடுத்தால் தரையில் சத்தம் குறைவாகக் காட்டிவிடும். மாக் எண் மாறினால் சாய்வையும் மாற்றுங்கள்.