மறதி நோய் உள்ளவங்களுக்கு ஹோம் தேடுறீங்களா? சாயங்காலம் 5 மணிக்கு மேல போய் பாருங்க

வீட்டுல அம்மாவுக்கோ அப்பாவுக்கோ டிமென்ஷியாங்கற மறதி நோய், இனிமே வீட்டுல வச்சு பாத்துக்கவே முடியலங்கற நிலைமைக்கு வந்தவங்களுக்காக இத எழுதுறேன். எங்க பெரியப்பாவுக்காக சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் நெறைய இடம் ஏறி இறங்கினோம், அப்ப பாத்தது, அதுக்கப்புறம் அவர் ஹோம்ல இருந்தப்ப தெரிஞ்சுகிட்டது எல்லாம் சேத்துத்தான் சொல்றேன். சொந்தக்காரங்க ஏதாவது பேசத்தான் செய்வாங்க. அதுக்காக வீட்டுல பாத்துக்கற பொம்பளைங்க உடம்பு கெட்டு விழற வரைக்கும் காத்திருக்காதீங்க.

ஹோம் தேடுறதுக்கு முன்னாடி இது டிமென்ஷியாதானான்னு டாக்டர்கிட்ட உறுதி பண்ணிக்கோங்க. பி12 கொறஞ்சாலும், தைராய்டு பிரச்சனை இருந்தாலும், சோடியம் இறங்கினாலும், எப்பவோ கீழ விழுந்து தலைக்குள்ள மெதுவா ரத்தம் கட்டியிருந்தாலும் அச்சு அசலா மறதி நோய் மாதிரியே இருக்கும், இதுல பலதுக்கு வைத்தியம் இருக்கு. நியூராலஜிஸ்ட் இல்லனா முதியோர் மருத்துவர் பாக்கணும். சென்னையில இருக்கறவங்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்துல 2024ல திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கு, அரசு ஆஸ்பத்திரிதான். ஸ்கார்ஃப்ங்கற மனநல அமைப்போட டெம்கேர்ஸ் மையம் டிமென்ஷியாவுக்குன்னே இருக்கறது. எங்க ஆரம்பிக்கறதுன்னே புரியலன்னா 14567க்கு போன் பண்ணுங்க, முதியோர் உதவி எண், காசு கிடையாது. எந்த வகை டிமென்ஷியான்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கி வச்சுக்கோங்க, அல்சைமரா, வாஸ்குலரா, லூயி பாடியா, இது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

அடுத்தது, எல்லா இடத்தையும் ஹோம்னு ஒரே பேர்ல சொல்றோம், ஆனா உள்ள நடக்கறது வேற வேற. கோயம்புத்தூர் பக்கம் நெறைய இருக்கற சீனியர் லிவிங் வில்லா, அபார்ட்மெண்ட் எல்லாம் நடமாட்டமா இருக்கற பெரியவங்களுக்கானது, சமையல், க்ளீனிங், கோயில், வாக்கிங் எல்லாம் இருக்கும். அசிஸ்டட் லிவிங்னா குளிக்க வைக்க, டிரஸ் மாத்த, மாத்திரை குடுக்க ஆள் இருப்பாங்க. மெமரி கேர்ங்கறது மறதி நோய்க்குன்னே பயிற்சி எடுத்த ஆளுங்க, வழி தவறி வெளிய போயிடாத மாதிரி கட்டின இடம். போர்டுல மெமரி கேர்னு போட்டுட்டு உள்ள எல்லாரையும் ஒரே ஹால்ல உக்கார வச்சு டிவி போட்டு விடுற இடமும் இருக்கு. அதனால நேரா கேளுங்க, இப்ப உங்ககிட்ட டிமென்ஷியா உள்ளவங்க எத்தனை பேரு, நோய் முத்தி படுக்கையானா வச்சுப்பீங்களா இல்ல கூட்டிட்டு போங்கன்னு சொல்லிடுவீங்களா. இந்த ரெண்டாவது கேள்விக்கு பதில எழுத்துல வாங்குங்க. நெறைய குடும்பம் மாட்டிக்கறது இங்கதான், நல்லா இருக்கற காலத்துல சேத்துப்பாங்க, கத்த ஆரம்பிச்சதும் ஒரு வாரம் டைம் குடுப்பாங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். நீங்க போன் பண்ணிட்டு போனா காலையில 11 மணிக்கு வாங்கம்பாங்க. அந்த நேரத்துல எல்லாரும் குளிச்சு, விபூதி பூசி, பளிச்சுன்னு உக்காந்திருப்பாங்க. அத ஒரு தடவ பாத்துக்கோங்க, தப்பில்ல, ஆனா முடிவு பண்றதுக்கு முன்னாடி சாயங்காலம் 5லேர்ந்து 7 மணிக்குள்ள ஒரு நாள் போங்க. மறதி நோய் உள்ளவங்க பல பேருக்கு வெளிச்சம் இறங்குற நேரத்துலதான் குழப்பமும் பயமும் கூடும், வீட்டுக்கு போகணும்னு நிப்பாங்க, அழுவாங்க, அடிக்கக் கூட வருவாங்க. பல இடத்துல அந்த நேரத்த ஒட்டித்தான் ஸ்டாஃபுக்கு ஷிஃப்ட் மாறும், சாப்பாடு வேலையும் வரும். அந்த ரெண்டு மணி நேரத்த ஒழுங்கா சமாளிக்கற இடம்னா மத்த நேரமும் பெரும்பாலும் ஒழுங்காத்தான் இருக்கும்.

ஒரு இடத்துல நாங்க பாத்தோம், ஒரு பாட்டி கையில பைய கெட்டியா புடிச்சுகிட்டு கேட்கிட்ட நிக்கறாங்க, பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துரும் நான் போகணும்னு ஒரே அழுகை. அங்க இருந்த பொண்ணு "உங்க பிள்ளைங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆயிடுச்சு பாட்டி"ன்னு சொல்லல, கதவ மறிச்சும் நிக்கல. "பிள்ளைங்களுக்கு என்ன டிபன் பண்ணுவீங்க பாட்டி"ன்னு கேட்டுச்சு. பாட்டி உப்புமான்னாங்க, ரவைய வறுக்கணுமான்னு இது கேக்க, வறுக்காம எப்பிடின்னு அவங்க சொல்ல, அப்பிடியே பேசிகிட்டே கைய புடிச்சு ஒரு ரவுண்டு நடந்து உள்ள கூட்டிட்டு போயிடுச்சு. இன்னொரு இடத்துல, கட்டடம் இதவிட எவ்வளவோ பெரிசு, அதே மாதிரி நின்ன ஒரு தாத்தாவ "உக்காருங்க, உக்காருங்க, சொன்னா கேக்க மாட்டீங்களா"ன்னு தோள அமுக்கி உக்கார வச்சாங்க. அன்னிக்கே அந்த இடத்த லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டோம்.

இதுல மொழி பெரிய விஷயம். கேர்டேக்கர் வேலைக்கு இப்ப ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட்லேர்ந்து நெறைய பிள்ளைங்க வர்றாங்க, ரொம்ப பொறுமையா பாத்துக்கறவங்களும் இருக்காங்க. ஆனா டிமென்ஷியா முத்த முத்த பல பேருக்கு பின்னாடி கத்துகிட்ட இங்கிலீஷு, ஹிந்தியெல்லாம் முதல்ல போகும், தாய்மொழிதான் அதிக நாள் நிக்கும். தண்ணி வேணும், வலிக்குது, பாத்ரூம் வருதுன்னு தமிழ்ல சொல்றது புரியற ஆள் ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் இருக்கணும், முக்கியமா ராத்திரில. ராத்திரி 2 மணிக்கு இந்த ஃப்ளோர்ல எத்தனை பேர் முழிச்சிருப்பாங்க, நர்ஸுன்னு சொல்றீங்களே அவங்க நர்சிங் படிச்சவங்களா, டாக்டர் வாரத்துல என்னிக்கு வருவார்னு கேளுங்க. மேனேஜர்கிட்ட மட்டும் கேக்காம வேலை செய்யறவங்ககிட்டயும் பேச்சு குடுங்க, எத்தனை மாசமா இங்க இருக்கீங்கன்னு. எல்லாருமே புதுசுன்னா யோசிங்க.

கட்டி வைக்கறத பத்தி கூச்சப்படாம கேளுங்க, கைய கால கட்டுவீங்களான்னு. அங்க இருக்கறவங்க மணிக்கட்டுல தடம் இருக்கான்னு கண்ணால பாருங்க. அதே மாதிரி பகல்ல பாதி பேர் தலைய தொங்கப் போட்டு தூங்கி வழிஞ்சா மாத்திரை குடுத்து அடக்கி வச்சிருக்காங்களோன்னு சந்தேகப்படுங்க. குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் மாதிரி மனநோய்க்கு குடுக்கற மருந்துங்க சில பேருக்கு தேவைதான், டாக்டர் பாத்து குடுப்பார், ஆனா டிமென்ஷியா உள்ள வயசானவங்களுக்கு இந்த வகை மருந்து உயிருக்கு ஆபத்த கூட்டும்னு அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிக்கை குடுத்திருக்கு, குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் மாதிரி புது வகைக்கு 2005லயே, ஹாலோபெரிடால் மாதிரி பழைய வகைக்கு 2008ல. லூயி பாடி வகைன்னா ஹாலோபெரிடால் ரொம்பவே மோசமா போய் முடியலாம், அதுக்குத்தான் வகைய எழுதி வாங்க சொன்னேன். புதுசா எந்த மருந்து ஆரம்பிச்சாலும் எங்களுக்கு சொல்லிட்டுதான் ஆரம்பிக்கணும்னு அட்மிஷன் ஃபார்ம்லயே எழுதிடுங்க.

ஒரு வேளை சாப்பாட்டு நேரம் முழுக்க கூட இருங்க. படுக்க வச்சு ஊட்டுறாங்களா, நிமித்தி உக்கார வச்சு ஊட்டுறாங்களா, ஒரு வாய் முழுங்கினப்புறம்தான் அடுத்த வாய் குடுக்கறாங்களான்னு பாருங்க. புரையேறி நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா வந்துரும், நோய் முத்தினவங்கள்ல பல பேர் போறதே அதுலதான். பாத்ரூம்ல புடிச்சுக்க கம்பி, வழுக்காத தரை, வெளியிலேர்ந்தும் திறக்கற மாதிரி தாழ்ப்பாள் வேணும். மொட்டை மாடி கதவு பூட்டியிருக்கணும். லாபி, சோபா, ஃபவுண்டன் இதெல்லாம் நமக்கு காட்டறதுக்கு, அதுல நேரம் போக்காதீங்க.

பணத்த பத்தி. மாசம் இவ்வளவுன்னு சொல்ற தொகைக்கு மேல டயப்பர், பிசியோ, தனி கேர்டேக்கர், ஆம்புலன்ஸ்னு தனித்தனியா வரும், போன மாச பில் ஒண்ணு பேர மறைச்சு காட்டுங்கன்னு கேளுங்க, அப்பதான் உண்மை தெரியும். வருமான வரி சட்டத்துல அறக்கட்டளையா பதிவான இல்லங்கள்ல 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மாசம் 25,000 ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி கிடையாது, மத்த இடத்துல ஜிஎஸ்டி சேத்தா சேக்காமயான்னு முதல்லயே பேசிடுங்க. சாதாரண மெடிக்கல் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி அட்மிஷனுக்குத்தான், ஹோம் கட்டணத்துக்கு வராது. டெபாசிட் எப்ப திரும்ப வரும், ஆஸ்பத்திரில சேத்தா கூட இருக்க ஆள் யாரு அனுப்புவா, இது வெளிநாட்டுல இருக்கற பிள்ளைங்க கட்டாயம் கேக்கணும். ராத்திரில இறந்துட்டா சர்டிஃபிகேட் குடுக்க டாக்டர் வருவாரா, நாங்க வர்ற வரைக்கும் ஃப்ரீசர் பாக்ஸ் ஏற்பாடு பண்ணுவீங்களாங்கறதையும் கேட்டுடுங்க. வாய் வராதுதான், ஆனாலும் கேளுங்க.

பேப்பர் வேலைய அவங்களுக்கு புரியற காலத்துலயே முடிச்சிடணும். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிட்டோம்னு நிம்மதியா இருக்காதீங்க, எழுதிக் குடுத்தவருக்கு மனநிலை தெளிவு போயிட்டா நம்ம ஊர் ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லாம போயிடும், அப்புறம் கோர்ட்டுக்குத்தான் போகணும். பேங்க் அக்கவுண்ட்ட யாராவது ஒருத்தர் கையெழுத்துல எடுக்கற மாதிரி ஜாயிண்ட்டா மாத்துங்க. மத்திய அரசு பென்ஷன்னா நவம்பர்ல லைஃப் சர்டிஃபிகேட், இப்ப போன்லயே முகத்த காட்டி முடிக்கலாம், வயசானவங்களுக்கு ரேகை விழாத பிரச்சனை இல்ல.

சேக்கறதுக்கு முன்னாடி அவங்கள பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. என்ன வேலை பாத்தாங்க, யார தேடுவாங்க, காப்பி டம்ளர்லயா டவரால ஆத்தியா, எதுக்கு பயப்படுவாங்க. எங்க பெரியப்பா ரயில்வேல வருஷக்கணக்கா நைட் டூட்டி பாத்தவர். ஹோம்ல ராத்திரி 2 மணிக்கு எழுந்து சட்டைய மாட்டிகிட்டு கதவ தட்டுவார், நோட்டுல தினமும் "தொந்தரவு செய்கிறார்"னு எழுதி வச்சிருந்தாங்க. விஷயத்த சொன்னப்புறம் நைட் ஷிஃப்ட்ல இருந்த தம்பி ஒரு நோட்டும் பேனாவும் குடுத்து "சார், வண்டி டைம் எழுதுங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சார். கொஞ்ச நேரம் எழுதிட்டு படுத்துடுவார்.

முடிஞ்சா முதல்ல ரெண்டு வாரம் மட்டும் தங்க வச்சு பாருங்க, பல இடத்துல ஒத்துக்கறாங்க. தாலி, மூக்குத்தி, மோதிரம் கழட்டச் சொல்வாங்க, அம்மாவுக்கு அது மனசு ஒடியற விஷயம், மஞ்சள் கயிறு போட்டு விடலாமான்னு கேட்டு பண்ணுங்க. சேத்தப்புறம் சொல்லாம கொள்ளாம வேற வேற நேரத்துல போங்க, போகும்போது குதிகால், இடுப்புக்கு கீழ முதுகெலும்பு முடியற இடத்துல சிவந்திருக்கான்னு துணிய விலக்கி பாருங்க, படுக்கைப்புண் அங்கதான் ஆரம்பிக்கும். மாசா மாசம் வெயிட் எழுதச் சொல்லுங்க. நேத்து வரைக்கும் பேசினவங்க ஒரே நாள்ல தூக்கமாவோ பினாத்தலாவோ ஆயிட்டா, வயசாயிடுச்சு அப்படித்தான்னு சொல்றத ஏத்துக்காதீங்க, யூரின் இன்ஃபெக்‌ஷன், சோடியம், மலச்சிக்கல் எதுவா வேணா இருக்கலாம், அன்னிக்கே டெஸ்ட் எடுக்க வைங்க.